சொல்லித்தராத குருவே போற்றி

ஜெர்மனிக்காரர்கள் பாவம், எதிலும் நிதானம். தரையிலும் சுவரிலும் டைல்ஸ் ஒட்டக் கற்றுக்கொள்ள அங்கே ஒரு பையனுக்கு மூன்று ஆண்டுகள் ஆகின்றன. கொஞ்ச நாள் வேலைத்தளம், கொஞ்ச நாள் தொழிற்பள்ளி என்று மாறி மாறி அலைகிறான். அந்த மூன்று ஆண்டும் அவனுக்குச் சம்பளம் வேறு. முடிவில் ஒரு தேர்வு. அதற்குப் பிறகும் சொந்தமாகத் தொழில் நடத்த ஆசைப்பட்டால் ‘மைஸ்டர்’ பட்டத்துக்காக இன்னொரு தேர்வு. 2004-ல் அந்த நாட்டு அரசுக்கு ஞானோதயம் வந்து, டைல்ஸ் தொழிலுக்கு மைஸ்டர் பட்டம் கட்டாயமில்லை என்று விட்டுவிட்டார்கள். நம்மைப் போல முன்னேறத் தொடங்கினார்கள் என்று சொல்ல வேண்டும். ஆனால் பழக்கதோஷம் யாரை விட்டது? ஆளாளுக்குக் கடை போட்டுவிட்டார்கள், கற்றுக்கொள்ள வரும் பையன்கள் குறைந்துவிட்டார்கள், வேலையில் தரம் போய்விட்டது என்றெல்லாம் புலம்பி, 2020-ல் பழையபடி கட்டாயமாக்கிக்கொண்டார்கள்.

நமக்கு இந்தத் தலைவலி எதுவும் கிடையாது. சென்னை ஓ.எம்.ஆர். பக்கம் எழும்பிக்கொண்டிருக்கும் ஏதாவதோர் அடுக்குமாடிக்குள் நுழைந்து பாருங்கள். டைல்ஸ் வேலைக்குப் புதுப் பையன் சேருகிற விதமே தனி அழகு. முதல் நாள் ராத்திரி ஒரு போன். “அண்ணே, எங்க அக்கா பையன் ப்ளஸ் டூ முடிச்சிட்டு சும்மாதான் இருக்கான்.” “காலையில எட்டு மணிக்கு அனுப்பு. பழைய சட்டையாப் போட்டுட்டு வரச் சொல்லு.” முடிந்தது. விண்ணப்பம் இல்லை, ஒப்பந்தம் இல்லை, எத்தனை நாளில் என்ன கற்றுக்கொள்வான் என்ற பேச்சே இல்லை. எட்டு மணிக்குச் சேர்ந்தவன் எட்டே காலுக்குத் தோளில் பெட்டியோடு படியேறிக்கொண்டிருப்பான். கால் மணி நேரத்தில் பாடம் ஆரம்பித்துவிடுகிற தொழிற்பள்ளி வேறு எங்கே இருக்கிறது?

அந்தப் பெட்டியைப் பற்றியும் இரண்டு வார்த்தை. இரண்டுக்கு இரண்டு அடி விட்ரிஃபைட் டைல்ஸ் பெட்டியில் நான்கு கல் இருக்கும். எடை ஏறக்குறைய 28 கிலோ. 1,000 சதுர அடி வீட்டுக்குச் சுமார் 65 பெட்டி, அதாவது ஒன்றே முக்கால் டன்னுக்கு மேல். மணலும் சிமெண்டும் தனிக்கணக்கு. இந்தியாவில் தயாராகும் டைல்ஸில் பெரும்பகுதி குஜராத்தின் மோர்பியில் சுடப்படுகிறது. அங்கே மண்ணை அழுத்துவது யந்திரம், சுடுவது யந்திரம். லாரி 1,500 கிலோமீட்டருக்கு மேல் சுமந்துவந்து வாசலில் இறக்குகிறது. அதற்கப்புறம் நான்காம் மாடி வரைக்குமான கடைசி நாற்பது அடியை மட்டும் எந்த யந்திரமும் தீண்டக் கூடாது என்று வைத்திருக்கிறோம். லிஃப்ட் வந்தபிறகு ஏற்றினால் லிஃப்டின் பளபளப்பில் கீறல் விழும். வருவதற்கு முன்பே ஏற்றிவிட்டால் தேய்வது பையனின் முதுகு மட்டும்தான். எதைப் பாதுகாக்க வேண்டும், எதை வேண்டாம் என்று தெரிந்து வைத்திருப்பதல்லவா நிர்வாகத் திறமை!

இனி நம் மேஸ்திரியிடம் வருவோம். வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லித்தர மாட்டார். சொல்லித்தந்த பாடம் மனதில் நிற்காது என்பது அவருடைய கல்விக் கொள்கை. “கண்ணு பார்க்கணும், கை செய்யணும்.” பாடப்புத்தகம் மொத்தமும் இந்த ஒரு வரிதான். பார்ப்பதற்கான வசதிகளைத் தாராளமாகச் செய்துகொடுத்திருக்கிறார். மணல் சலித்துக்கொண்டே பார்க்கலாம். கலவை போட்டுக்கொண்டே பார்க்கலாம். பாண்டில் அள்ளிக் கொடுத்துக்கொண்டும், சிமெண்ட் பால் கரைத்துக்கொண்டும் பார்க்கலாம். சாயங்காலமானால் கரண்டியையும் மட்டக்கோலையும் கழுவி வைக்கலாம். கழுவுவதற்காக மட்டும் கரண்டியைத் தொடலாம். கல் ஒட்டிப் பார்க்கிற ஆசையில் தொட்டால், “அதுக்குள்ள மேஸ்திரி ஆயிட்டியா?” என்று ஒரு கேள்வி வரும். அதில் உள்ள கரிசனத்தைக் கவனிக்க வேண்டும். சின்ன வயதிலேயே மேஸ்திரியாகிப் பொறுப்பு சுமந்து பையன் கஷ்டப்படக் கூடாதே என்ற கவலை அது.

இந்த முறையில் ஒரு நுட்பம் உண்டு. எந்த அறையிலும் உண்மையான வித்தை நடப்பது முதல் அரைமணி நேரத்தில்தான். அறையை அளந்து, மூலை பார்த்து, நூல் கட்டி, முதல் கல் எங்கே விழ வேண்டும் என்று முடிவெடுக்கிற நேரம் அது. மிச்சமெல்லாம் அந்த முடிவுக்குப் பின்னால் வரிசை பிடித்துப் போவதுதான். சொல்லிவைத்தாற்போல அந்த அரைமணி நேரத்தில்தான் மேஸ்திரிக்கு டீ வேண்டும். “டேய், ஓடிப்போய் மூணு டீ, ரெண்டு வடை வாங்கிட்டு வா.” பையன் திரும்பி வருவதற்குள் நூல் கட்டியாகிவிடும், முதல் வரிசையும் உட்கார்ந்திருக்கும். இரண்டு வருஷம் போனால் மேஸ்திரிக்குச் சர்க்கரை கம்மி, கட்டிங் போடுகிறவருக்கு ஸ்ட்ராங், இன்ஜினியர் வந்தால் பிஸ்கெட் சேர்த்து என்பதெல்லாம் அவனுக்குத் தலைகீழ்ப் பாடம். முதல் கல் எங்கே என்பதுதான் தெரியாது.

அப்படி என்ன பெரிய ரகசியம் என்று கேட்பவர்களுக்காக, மேஸ்திரி மன்னிக்கட்டும், கொஞ்சம் அவிழ்த்துவிடுகிறேன். அறையின் அகலம் 10 அடி 7 அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டடிக் கல்லை ஒரு சுவரோரம் தொடங்கி அடுக்கினால் ஐந்து முழுக்கல் போய், எதிர்ச்சுவரோரம் 7 அங்குலத்துக்கு ஒரு கீற்று விழும். வாசலில் நுழைகிறவர் கண்ணில் அதுதான் முதலில் படும். நான்கு முழுக்கல்லை நடுவில் வைத்துத் தொடங்கினால் இரண்டு ஓரமும் பதினைந்தரை அங்குலம் வரும். பார்க்கவும் லட்சணம், வெட்டவும் சுலபம். மூலை நேராக இருக்கிறதா என்று பார்க்க, ஒரு பக்கம் 3 அடியும் அடுத்த பக்கம் 4 அடியும் குறித்துக் குறுக்கே அளந்தால் 5 அடி வர வேண்டும். பாத்ரூம் தரையில் அடிக்கு ஒரு நூலாவது தண்ணீர் போகிற பக்கம் வாட்டம் இருக்க வேண்டும். சுவருக்கு ஒட்டுகிற செராமிக் கல் தண்ணீரை உறிஞ்சும். ஊறவைக்காமல் சிமெண்டில் ஒட்டினால் கலவையின் ஈரத்தையெல்லாம் அதுவே குடித்துவிடும். விட்ரிஃபைட் கல் உறிஞ்சுவது அரை சதவீதத்துக்கும் குறைவு. அதை ஊறவைத்துப் பயனில்லை. வெறும் சிமெண்ட் பால் அதைச் சரியாகப் பிடிப்பதும் இல்லை. ஒட்டுவதற்கென்றே விற்கிற பசை வேண்டும்.

இவ்வளவுதான். ப்ளஸ் டூ படித்த பையனுக்கு ஒரு டீ ஆறுகிற நேரத்தில் சொல்லிவிடலாம். சொல்லிவிடாமல் இத்தனை வருஷம் நாக்கைக் கட்டி வைத்திருப்பது சாதாரண மனக்கட்டுப்பாடா?

இதையெல்லாம் ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டால் சில மேஸ்திரிகள் சிரித்து மழுப்புவார்கள். அது தன்னடக்கம் இல்லை. அவர்களுக்கும் காரணம் தெரியாது. ஒரு காலத்தில் அவர்களும் டீ வாங்கப் போனவர்கள்தானே! அதனால்தான் பல சைட்டுகளில் செராமிக், விட்ரிஃபைட் என்ற பேதமே பார்க்காமல் எல்லாக் கல்லையும் ஒரே டிரம்மில் முக்கி எடுக்கிறார்கள். சமத்துவம் என்றால் இதுவல்லவா சமத்துவம். ஒரு தலைமுறை தெரிந்துகொண்டே மறைத்தது. அடுத்த தலைமுறை தெரியாமலேயே மறைக்கிறது. மறைக்கும் கலை மட்டும் குறைவில்லாமல் கைமாறி வந்திருக்கிறது.

வெளிநாட்டுக்காரர்களுக்கு இந்தப் பக்குவம் வராது. ‘வேர்ல்டு ஸ்கில்ஸ்’ என்று உலக அளவில் ஒரு தொழில்திறன் போட்டி நடத்துகிறார்கள். 2024-ல் பிரான்சின் லியோன் நகரில் நடந்தது. சுவருக்கும் தரைக்கும் டைல்ஸ் ஒட்டுவது அதில் ஒரு பிரிவு. பங்கெடுக்கிறவர்களுக்கு 22 வயதுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாதாம். அந்த வயதுக்குள் மில்லிமீட்டர் பிசகாமல் சித்திரவேலை செய்ய வைத்துவிடுகிறார்கள். இளம்பிள்ளைகளை இப்படி அவசரப்படுத்தலாமா? நம்மிடம் 22 வயதுப் பையன் இன்னும் கவலையில்லாமல் மணல் சலித்துக்கொண்டிருக்கிறான்.

அடுத்து நாம் போற்ற வேண்டியது கட்டிங் மெஷினை. நான்கு அங்குல பிளேடு நிமிடத்துக்கு 11,000 சுற்றுக்கு மேல் சுற்றும். கம்பெனிக்காரன் வேலையில்லாமல் பிளேடுக்கு மேலே ஒரு மூடி போட்டு அனுப்புகிறான். வெட்டும் கோடு தெரியவில்லை என்று முதல் நாளே அதைக் கழற்றிவிடுகிறார்கள். மூடியில்லாத பிளேடு, காலில் ரப்பர் செருப்பு, மடித்துக் கட்டிய கைலி, கல்லை மிதித்துப் பிடிக்க ஒரு கால். பயத்தைப் போக்குவதில் இதற்கு இணையான பயிற்சி எந்த ராணுவத்திலும் கிடையாது. கண்ணாடி போட்டுக்கொண்டு வெட்டுகிறவனை, “என்னடா, மாப்பிள்ளை மாதிரி?” என்று கேலி செய்து திருத்தவும் அங்கே பெரியவர்கள் இருக்கிறார்கள்.

வெட்டும்போது கிளம்புகிற வெள்ளைப் புகை இருக்கிறதே, அதன் அழகு தனி. கதவில்லாத பாத்ரூமுக்குள் இரண்டு கல் வெட்டினால் மேஸ்திரியும் பையனும் ஒரே நிறமாகிவிடுவார்கள். டைல்ஸ் தூளில் சிலிகா இருக்கிறது. அதன் நுண்துகள் கண்ணுக்குத் தெரியாது, மூக்கில் நிற்காது, நேரே நுரையீரலின் அடி வரைக்கும் போய் அங்கேயே தங்கிவிடும். எட்டு மணி நேர வேலையில் ஒரு கன மீட்டர் காற்றுக்கு 50 மைக்ரோகிராமுக்கு மேல் இந்தத் தூள் இருக்கக் கூடாது என்று அமெரிக்காவில் 2016-ல் விதி போட்டார்கள். காற்றைக்கூடவா எடை போடுவது? நம்மிடம் அந்தக் கஞ்சத்தனம் இல்லை. வேண்டிய மட்டும் இழுத்துக்கொள்ளலாம், கூலியில் பிடித்தம் கிடையாது. பையன் தோளில் கிடக்கும் துண்டை மூக்கில் கட்டிக்கொள்கிறான். அந்தத் தூளுக்குத் துண்டு ஒரு திறந்த வாசல்.

சிலிகோசிஸ் என்ற அந்த நோய்க்கு மருந்து இல்லை. வடுவான நுரையீரல் பழையபடி ஆகாது. காசநோய்க்கும் கதவைத் திறந்து வைக்கும். ஆனால் அதற்கு இருக்கிற மரியாதை வேறு எந்த நோய்க்கும் வராது. பெரும்பாலும் பத்து, பதினைந்து வருஷம் பொறுத்துத்தான் தலைகாட்டும். அதற்குள் கட்டடம் கைமாறியிருக்கும், காண்ட்ராக்டர் வேறு பெயரில் தொழில் நடத்திக்கொண்டிருப்பார், மேஸ்திரிக்கே இருமல் வந்திருக்கும். யார் மீதும் பழி வராமல் இவ்வளவு நாசூக்காக வருகிற நோயை எப்படிக் குறை சொல்வது? சட்டப்படி அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய தொழில்நோய்களில் அதுவும் ஒன்று. தெரிவிப்பதற்கு முன்னால் யாராவது பையனின் நெஞ்சை ஒரு படம் எடுத்துப் பார்க்க வேண்டும். அங்கேதான் நம் நிம்மதி இருக்கிறது.

கையால் இழுக்கும் கட்டர் என்று ஒன்று கடையில் விற்கிறார்கள். கல்லை வைத்து, கைப்பிடியை ஒரு இழுப்பு இழுத்து, ஒரு அழுத்து அழுத்தினால் கோட்டோடு கோடாக ‘டக்’ என்று உடையும். மின்சாரம் வேண்டாம், சத்தம் இல்லை, தூள் கிட்டத்தட்ட இல்லை. நேர் வெட்டுக்கெல்லாம் அது போதும். குழாய் ஓட்டைக்கும் மூலை வெட்டுக்கும் மட்டும் மெஷினை எடுக்கலாம். அங்கேயும் தூளை அடக்கத் தண்ணீரோடு வெட்டுவதற்கென்றே மெஷின் இருக்கிறது. இதையெல்லாம் வாங்காமல் விட்டதற்கு நியாயம் இருக்கிறது. சத்தமும் புகையும் இல்லாவிட்டால் உள்ளே வேலை நடக்கிறது என்று வீட்டுக்காரருக்கு எப்படித் தெரியும்?

கைக்கும் முழங்காலுக்கும் கிடைக்கும் பயிற்சியையும் விட்டுவிடக் கூடாது. ஈரச் சிமெண்ட் கடுமையான காரம், பி.எச். அளவில் 12-க்கு மேல் போகும், சுத்தத் தண்ணீருக்கு அது 7. அதைப் பையன் வெறுங்கையால் கரைத்து, வெறுங்கையால் வழித்துப் பூசுகிறான். விரல் இடுக்கில் புண் வந்தால் தேங்காய் எண்ணெய் போடச் சொல்லி வைத்தியமும் அங்கேயே பார்த்துவிடுவார்கள். சிமெண்டில் உள்ள ஒரு வகைக் குரோமியம் தோலில் ஒவ்வாமையை உண்டாக்குகிறது என்று 2005 முதல் ஐரோப்பாவில் அதற்கு ஒரு வரம்பு கட்டினார்கள். அங்கே தோல் மெல்லிசு போலிருக்கிறது. முழங்காலைப் பொறுத்தவரை, நாள் முழுக்க கான்கிரீட்டில் மண்டியிட்டால் முட்டிக்கு முன்னால் நீர் கோத்து வீங்கும். சில நூறு ரூபாய்க்கு முட்டிக்கவசம் கிடைக்கிறது. அதை வாங்கித் தந்து பையனின் பக்தியைக் குறைத்துவிடக் கூடாது என்று காண்ட்ராக்டர் நினைக்கிறார். மண்டியிடுகிறவனுக்கு வலிக்க வேண்டும், அப்போதுதான் மண்டியிட்டதாகக் கணக்கு.

காண்ட்ராக்டரின் கணக்கு இன்னும் நேர்த்தியானது. பில்டர் அவருக்குச் சதுர அடிக்கு ஒரு ரேட்டு கொடுக்கிறார். அவர் அதில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு சப்-காண்ட்ராக்டருக்குச் சதுர அடிக்கு ஒரு ரேட்டு பேசுகிறார். அது இன்னும் கொஞ்சம் இளைத்து மேஸ்திரியிடம் வருகிறது. பையனுக்கு மட்டும் நாள் கூலி, அதுவும் குறைத்து. காரணம் கேட்டால், “கத்துக்கத்தானே வந்திருக்கான்?” கற்றுக்கொள்ள வந்தவன் என்பதால் கூலி குறைவு, கற்றுக்கொடுக்காததால் அந்தக் குறை என்றைக்கும் நிறைவதில்லை. எவ்வளவு கச்சிதமாக மூடி வைத்த வட்டம்! கல் உடைந்தால் மட்டும் அவன் முழு ஆள். உடைந்த கல்லின் விலை சனிக்கிழமை சம்பளத்தில் கழிந்துவிடும்.

சதுர அடி ரேட்டு செய்கிற நன்மைகள் தரைக்கும் கிடைக்கின்றன. எத்தனை அடி ஓடியதோ அத்தனைக்குத்தான் பணம் என்றால், கல்லின் முதுகு முழுக்கப் பசை தடவிக்கொண்டிருக்க யாருக்கு நேரம்? நான்கு மூலைக்கு நான்கு பொட்டு, நடுவில் ஒரு பொட்டு, ரப்பர் சுத்தியால் இரண்டு தட்டு, அடுத்த கல். மேலே கண்ணாடிபோல் மின்னும், கீழே காற்று குடியிருக்கும். ஒரு நாணயத்தால் தட்டிப் பார்த்தால் ‘டொக் டொக்’ என்று பதில் சொல்லும். கேஸ் சிலிண்டரை ஒருநாள் தடாலென்று வைத்தால் அங்கேயே விரியும். வேலை இன்னும் நான்கு வருஷத்தில் திரும்பக் கிடைக்கும்படி செய்து வைப்பதைவிடப் பெரிய தொழில்தர்மம் உண்டா? பையன் கற்றுக்கொள்கிற ஒரே வித்தையும் இதுதான். இதைச் செய்யும்போது மட்டும் யாரும் அவனை டீ வாங்க அனுப்புவதில்லை.

வீட்டுக்காரரைப் பாராட்டாமல் விட்டால் பாவம் வந்து சேரும். சதுர அடிக்கு நூற்றுக்கணக்கில் கொடுத்துக் கல் வாங்குகிறவர், அதை ஒட்டும் கூலியில் இரண்டு ரூபாய்க்கு அரைமணி நேரம் வாதாடுவார். சிக்கனம். பிறகு, “கோடே தெரியக் கூடாது, இடைவெளி விடாம ஒட்டுங்க” என்பார். வெயிலில் கல்லும் கான்கிரீட்டும் விரியும். கல்லுக்குக் கல் இரண்டு மில்லிமீட்டரும் சுவரோரம் கொஞ்சமும் இடம் விட்டால்தான் அந்த விரிவுக்கு வழியிருக்கும். விடாவிட்டால் ஒரு சித்திரை மாத மத்தியானம் ஹாலின் நடுவில் ‘டப்’ என்று நான்கு கல் எழும்பி நிற்கும். அன்றைக்கு அவர், “ஆளுங்க வேலை சரியில்லை” என்று தீர்ப்புச் சொல்வார். ஜோசியர் குறித்துக் கொடுத்த கிரகப்பிரவேசத் தேதிக்குள் பூச்சும் காய வேண்டும், கல்லும் பிடிக்க வேண்டும், அதன் மேல் அலமாரியும் ஏற வேண்டும். சிமெண்டுக்கு முழு வலு வர 28 நாள் என்பது இன்ஜினியர்கள் கணக்கு. நல்ல முகூர்த்தத்தில் ஒரு வாரமே போதும்போலிருக்கிறது.

இன்னொரு பண்பாடும் உண்டு. ஒரு வீட்டில் மூன்று பாத்ரூமுக்குக் கல் ஒட்டி, வாட்டம் பார்த்து, தண்ணீர் ஊற்றிச் சோதித்துக் கொடுக்கிற பையன், தனக்கு அவசரமென்றால் பக்கத்துக் காலிமனை முள்செடிக்குப் பின்னால்தான் போக வேண்டும். புது பாத்ரூமை முதலில் வீட்டுக்காரர்தான் பயன்படுத்துவது ஐதீகம். வேலைத்தளத்தில் குடிநீரும் கழிப்பறையும் இருக்க வேண்டும் என்று கட்டுமானத் தொழிலாளர்களுக்காக 1996-ல் வந்த மத்திய சட்டம் சொன்னது. சட்டம் போட்டவர்கள் மூன்று பாத்ரூம் கட்டுகிற இடத்தில் நான்காவதாக ஒன்று எதற்கு என்று யோசிக்கவில்லை.

அதே சட்டத்தோடு வந்ததுதான் கட்டடச் செலவில் குறைந்தது ஒரு சதவீதம் தொழிலாளர் நலனுக்காக வசூலிக்கும் ஏற்பாடு. தமிழ்நாடு அதற்கும் முன்னோடி. 1994-லேயே கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் அமைத்துவிட்டது. விபத்துக்கு உதவி, பிள்ளைகள் படிப்புக்கு உதவி, வயதானால் ஓய்வூதியம் என்று பட்டியல் நன்றாகத்தான் இருக்கிறது. தொழிலாளர்களுக்கென்று வசூலித்த பணத்தில் லேப்டாப்பும் வாஷிங் மெஷினும் வாங்கப்பட்டதைக் கேட்டு 2017-ல் உச்ச நீதிமன்றம் அதிர்ந்துபோனது. சிமெண்ட் படிந்த சட்டை துவைக்க மெஷின் வேண்டாமா என்று நினைத்திருப்பார்கள். உறுப்பினராக வயது 18 முடிந்திருக்க வேண்டும், முந்தைய 12 மாதத்தில் 90 நாளாவது வேலை செய்திருக்க வேண்டும். அந்த 90 நாளைச் சொல்ல யாராவது வேண்டும். காண்ட்ராக்டரிடம் கேட்டால், “நீ யாரு, எந்த சைட்டுல இருந்தே?” என்பார். ஒரு வருஷம் தினமும் பார்த்த முகத்தைச் சனிக்கிழமை தவிர மற்ற நாளில் மறந்துவிடுகிற அந்தப் பற்றற்ற நிலை ஞானிகளுக்கே கைகூடும்.

இவ்வளவு அருமையான பயிற்சி இருந்தும் நம்மூர்ப் பையன்கள் நிற்பதில்லை. நன்றி கெட்டவர்கள். ஆறு மாதத்தில் பாண்டைப் போட்டுவிட்டு உணவு டெலிவரிக்குப் போய்விடுகிறார்கள். வெயில்தான், அலைச்சல்தான், ஆனால் அங்கே எந்தத் தெருவில் திரும்ப வேண்டும் என்று செல்போனாவது சொல்லித்தருகிறது. அந்த இடத்துக்குப் பீகாரிலிருந்தும் உத்தரப்பிரதேசத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பையன்கள் வருகிறார்கள். அவர்களுக்கும் இதே பாடத்திட்டம்தான். பாஷை தெரியாதே, எப்படிக் கற்றுத்தருகிறீர்கள் என்று கேட்க வேண்டியதில்லை. மேஸ்திரியின் மௌனத்துக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படுவதே இல்லை. அவர்கள் முதலில் கற்றுக்கொள்ளும் தமிழ்ச்சொல் ‘டேய்’, இரண்டாவது ‘டீ’.

ஆகவே மேஸ்திரிகள், காண்ட்ராக்டர்கள், வீட்டுக்காரர்கள் எல்லோருக்கும் ஒரு பணிவான வேண்டுகோள். புதிதாக வருகிற பையனிடம் நூலின் மறுமுனையை ஒரு நாளும் கொடுத்துவிடாதீர்கள். முதல் கல் ஏன் அங்கே விழுகிறது என்று சொல்லாதீர்கள். உடைசல் கல்லில் பத்துத் துண்டு கொடுத்து, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒட்டிப் பழகச் சொல்லாதீர்கள். கையால் இழுக்கும் கட்டர், முகத்தில் படிந்து உட்காருகிற தூசுக்கவசம், கையுறை, முட்டிக்கவசம், இவற்றையெல்லாம் ஒரு வீட்டின் ஒரு பாத்ரூம் குழாய்க்கு ஆகிற செலவில் வாங்கிவிடலாம் என்பது உண்மைதான், வாங்காதீர்கள். நல வாரியத்தில் பதிந்துகொள்ள 90 நாள் வேலைக்குச் சான்று கேட்டால் பேனாவைத் தேடாதீர்கள். இதையெல்லாம் செய்தால் பையன் வேலையைக் கற்றுக்கொண்டுவிடுவான். கற்றுக்கொண்டவன் தொழிலில் நிலைத்துவிடுவான், தனக்குக் கீழே வருகிறவனுக்கும் சொல்லித்தந்துவிடுவான். அப்புறம், “இந்தக் காலத்துல வேலை தெரிஞ்ச ஆளே கிடைக்கிறதில்லை” என்று நாம் ஆளுக்கொரு பக்கம் நின்று புலம்புவது எப்படி?